விரலகல நீலம்

அருங்காட்சியகத்தில் தாள் ஓவியங்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒருநாள் என் மேசைக்கு ஒரு டச்சு நீர்வண்ண ஓவியம் வந்தது. 19ஆம் நூற்றாண்டு, வரைந்தவர் பெயர் இல்லை. உறைந்த கால்வாயில் சறுக்குகிறவர்கள், கரையோரம் சூடான பானமும் பண்டமும் விற்கும் 'கூக் என் சோபி' கடை, துடைப்பத்தால் பனியைப் பெருக்கிப் பாதை போடும் ஒருவன். அப்படிப் பெருக்குகிறவனுக்குச் சறுக்குகிறவர்கள் சில்லறை கொடுப்பது அந்நாட்டு வழக்கம்.

ஆனால் குளிரே தெரியவில்லை. வானம் தேநீர் நிறத்தில் இருந்தது, பனி வைக்கோல் நிறத்தில்.

சட்டகத்தைப் பிரித்து, நடுவே திறப்பு விட்டு ஓவியத்தின் ஓரங்களை மூடும் மேலட்டையை எடுத்ததும் காரணம் புரிந்தது. அட்டை மூடியிருந்த விளிம்பில் மட்டும், விரலகலத்துக்கு, நீல வானம் அப்படியே இருந்தது. அவுரி நீலம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். யாரோ ஜன்னலுக்கு எதிரே பல ஆண்டுகள் மாட்டியிருக்கிறார்கள், பிரியத்தோடுதான்.

பனியின் கதை வேறு. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் பூசாமல் விட்ட தாள்தான். தாள் பழுத்தால் பனியும் பழுக்கும். காம்பன் நகரில் வாழ்ந்த, பேச இயலாத ஹென்ட்ரிக் அவர்காம்ப் (1585–1634) காலத்திலிருந்தே டச்சுக்காரர்கள் இத்தகைய பனிக்காட்சிகளைத் தாளில் தீட்டி விற்றுவந்தார்கள். அந்தக் குளிர் இன்று அங்கேயே அரிதாகிவிட்டது. நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் உறைந்த கால்வாய்கள் வழியே ஏறத்தாழ 200 கி.மீ. சறுக்கும் பதினோரு நகரப் பந்தயம் கடைசியாக நடந்தது 1997இல்.

தாளை நீரில் அலசி வெளுப்பாக்கலாம் என்று ஆசைப்பட்டேன். ஓரத்தில் ஈரப்பஞ்சை ஒற்றிப் பார்த்தேன். ஓவியத்தின் பழுப்பு வண்ணமே கரைந்து பஞ்சில் ஏறியது. அதோடு நிறுத்திவிட்டேன். போன நீலத்தை யாராலும் மீட்க முடியாது. அமிலம் ஏறிய அட்டையை மாற்றலாம், 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் படாமல் சில மாதம் காட்டிவிட்டு இழுப்பறையில் வைக்கலாம்.

புதிய அட்டையின் திறப்பைச் சற்று அகலமாக வெட்டி அந்த நீலத்தைப் பார்வையாளர்களுக்குக் காட்டலாமே என்றார் உடன் வேலை செய்பவர். நியாயமான பேச்சுதான். இரண்டு நாள் யோசித்தேன். விளிம்பில் ஒரு நீர்ப்பறவை இருந்தது. ஒரு சிறகு தேநீர் வானத்தில், மறு சிறகு நீலத்தில். அந்த மறு சிறகைப் படம் எடுத்துக் கோப்பில் சேர்த்தேன். திறப்பைப் பழைய அளவிலேயே வெட்டி, நீலத்தை மீண்டும் மூடினேன்.