நாக்கில் புண் இல்லை, எரிச்சல் மட்டும் நிற்கவில்லை

நாக்கு எரிகிறது என்று மருத்துவரிடம் போய், "நாக்கு நல்லாத்தானே இருக்கு" என்ற பதிலோடு திரும்பி வந்தவர்கள், எரிச்சல் எந்நேரத்தில் கூடுகிறது, குறைகிறது என்று ஒரு வாரம் ஒரு நோட்டில் 10-க்கு எத்தனை என்ற எண்ணோடு குறித்து வையுங்கள். காலையில் லேசாக இருந்து, பொழுது சாயும்போது நாக்கு நுனியும் கீழுதடும் சுடுகாபி பட்டதுபோல் எரிகிறதா? சாப்பிடும்போது தணிகிறதா? வாய் கசக்கிறதா? பர்னிங் மவுத் சிண்ட்ரோம் என்ற வாய் எரிச்சல் நோய் பெரும்பாலும் இப்படித்தான் வரும். தினம் 2 மணி நேரத்துக்கு மேல், 3 மாதத்துக்கு மேல் எரிந்தும் வாயிலோ ரத்தத்திலோ காரணம் அகப்படவில்லை என்றால்தான் அந்தப் பெயர். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இது அதிகம். நரம்புக் கோளாறு என்பதால் கண்ணுக்குத் தெரியாது. அது மனப்பிரமை என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காரம் பட்டால்தான் எரிகிறது, பாக்கோ குட்காவோ போடும் பழக்கம் உண்டு, வாய் முன்போல் திறப்பதில்லை என்றால் அது வேறு நோய். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடியாவிட்டால் உடனே பல் மருத்துவரிடம் போங்கள். வாயின் உள்தோல் இறுகிப்போகும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸாக இருக்கலாம். அது புற்றுநோயாக மாறக்கூடியது. ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போவதும், 3 வாரமாகியும் ஆறாத புண்ணும் அதே அவசரம்தான்.

ரத்தப் பரிசோதனையில் பலர் ஹீமோகுளோபினோடு நின்றுவிடுகிறார்கள். அது சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச்சத்து இருப்பு) வைட்டமின் பி12-உம் குறைந்திருக்கலாம். ஃபோலேட், துத்தநாகம், எச்பிஏ1சி (மூன்று மாத சர்க்கரை அளவு), டிஎஸ்எச் (தைராய்டு) ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சத்து மாத்திரை தொடங்குவதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். பிறகு கொடுத்தால் குறைபாடு மறைந்துவிடும். செட் பல் கட்டியவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று உண்டா என்றும் பார்க்க வேண்டும். எனலாப்ரில், லிசினோப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும் எரிச்சல் தரலாம். நீங்களாக நிறுத்தாமல், மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட்டும் புதினா, பட்டை வாசனையும் இல்லாத பற்பசைக்கு மாறி ஒரு மாதம் பாருங்கள். ஆல்கஹால் கலந்த வாய்க்கொப்புளிப்பை விட்டுவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எரிந்தால், வலிப்புக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் குளோனஸெபாம் என்ற மருந்து. 2004-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் 1 மி.கி. மாத்திரையை எரியும் இடத்தருகே உமிழ்நீரோடு 3 நிமிடம் வைத்திருந்து துப்பினார்கள், நாளுக்கு 3 முறை, 14 நாள். பலர் தவறுவது துப்பாமல் விடுவதில்தான்: விழுங்கினால் தூக்கம் தள்ளும், வயதானவர்கள் தடுமாறி விழுவார்கள். துப்பினாலும் கொஞ்சம் ரத்தத்தில் சேரும், பழக்கமாகும் மருந்து வேறு. ஆகவே அளவும் நாளும் மருத்துவர் சொல்வதுதான், நிறுத்துவதும் படிப்படியாக. ஆல்ஃபா லிபோயிக் அமிலம் என்ற சத்து மாத்திரை சிலருக்குக் கேட்கிறது, பலருக்கு இல்லை. அதற்கு மாதக்கணக்கில் செலவழிப்பது வேண்டாம் என்பேன்.

எரிச்சல் ஏறும் மாலை வேளையில் ஐஸ் துண்டோ சர்க்கரையில்லாத சூயிங்கமோ உதவும். நாக்கைப் பல்லில் அழுத்தித் தேய்க்கும் பழக்கத்தையும், மணிக்கொரு தரம் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்பதையும் விட வேண்டும். 10-க்கு 8 இருந்த எரிச்சல் 4-க்கு இறங்கினாலே மருந்து வேலை செய்கிறது என்று பொருள். அந்த எண்ணையும் அதே நோட்டில் எழுதி அடுத்த முறை எடுத்துப் போங்கள்.