வாலிபர் ஊழியமும் வந்துபோகும் குழுக்களும்: 2025 நாட்குறிப்பு

ஜனவரி 5, ஞாயிறு

புது வருஷத்தில் எங்கள் சபையின் முதல் வாலிபர் கூட்டம். ஆறு மணி என்று சொன்னால் ஆறரைக்குத்தான் களைகட்டும், இன்றும் அப்படியே. பாட்டு, ஜெபம், 1 தீமோத்தேயு 4:12. "உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு" என்ற வசனம். பவுல் இதைத் தீமோத்தேயுவுக்கு எழுதியபோது அவன் சின்னப் பையன் ஒன்றும் இல்லை, ஒரு சபையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்று சொன்னதும் பின்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

இந்த வருஷம் சில நாள் தங்கி எங்களோடு ஊழியம் செய்ய வெளியிலிருந்து இரண்டு குழுக்கள் வருகின்றன என்று அறிவித்தேன். கைதட்டல். கிட்டார் வாசிக்கிற தம்பி மட்டும் தட்டவில்லை. கூட்டம் முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "வரட்டும்கா. ஆனா அவங்க வந்தா பாட்டு அவங்க பாட்டு, நாடகம் அவங்க நாடகம், சாட்சியும் அவங்க சாட்சி. நாங்க நாற்காலி போடுவோம். அப்புறம் போட்டோவுக்கு நிப்போம்."

பதில் சொல்ல வரவில்லை. அவன் சொன்னது நடந்ததுதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

1881-ல் இதே தேதியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தன் வீட்டில் வாலிபர்களைக் கூட்டிக் கிறிஸ்தவ முயற்சி சங்கத்தைத் தொடங்கினார். நம் சபைகள் பலவற்றில் பெரியவர்களுக்கு 'சி.இ.' (இந்தச் சங்கத்தின் ஆங்கிலப் பெயரான கிறிஸ்டியன் எண்டெவர் என்பதன் சுருக்கம்) என்றால் உடனே முகம் மலரும். கிளார்க் செய்ததில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: உட்கார்ந்து கேட்பவர்களாக யாரையும் விடவில்லை. வருகிற ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு விதத்தில் பங்கெடுப்பேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைகளைக் கமிட்டிகளாகப் பிரித்து அவர்கள் கையிலேயே கொடுத்தார். வராமல் போனவர்களைத் தேடிப் போவதற்கென்றே ஒரு கமிட்டி!

நாங்களும் பிரித்தோம். ஜெபம், பாடல், தேடிப்போவது, விருந்தினர். விருந்தினர் கமிட்டிக்குத் தலைமை கிட்டார் தம்பி. வேண்டாம் என்றான். அதனால்தான் உனக்கு என்றேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலம் தொடங்கியது. நாற்பது நாளும் மொபைலைத் தொடுவதில்லை என்று மூன்று பேர் தீர்மானம் எடுத்தார்கள். அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டும் விட்டார்கள்.

மார்ச் 14, வெள்ளி

முதல் குழு வந்து இறங்கிவிட்டது. எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட், முதுகில் வசனம். பெட்டிகளில் பாதி பொம்மலாட்டப் பொம்மைகளும் பலூன்களும்.

பயணக் களைப்பு தீருமுன்பே விதிமுறைகளைச் சொல்லிவிடுவது என் வழக்கம். தள்ளிப்போட்டால் அடுத்த நாள் காலைக்குள் யாராவது ஒரு குழந்தையைத் தூக்கி செல்ஃபி எடுத்திருப்பார்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் முகம் தெரியும் படம் கூடாது. எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். பணமோ பரிசோ நேரே கையில் கொடுக்க வேண்டாம், கொடுக்க விரும்பினால் சபை வழியாகக் கொடுக்கலாம். கடைசியாக, நிறைவேற்ற முடியாத எதையும் வாக்குக் கொடுக்க வேண்டாம்: "மறுபடி வருவேன்", "உன்னைப் படிக்க வைப்பேன்", எதுவுமே.

குழுவில் மூத்த ஐயா ஒருவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாங்கள் அன்பு காட்டத்தானே வந்தோம், சந்தேகப்படுகிறீர்களே" என்றார். ஐயா, இது உங்களுக்காகப் போட்ட விதி இல்லை, எனக்கும் இதேதான், போதகருக்கும் இதேதான் என்றேன். சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் எங்கள் எல்லோருடைய கையெழுத்தும் இருப்பதைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டு, முழுவதும் வாசித்து, தன் பேனாவால் கீழே கையெழுத்துப் போட்டார். இந்தக் குழுவில் எனக்கு முதலில் பிடித்துப்போனவர் அவர்தான்.

மார்ச் 18, செவ்வாய்

நாடகம் நன்றாகவே இருந்தது. அதற்குப் பின், தன் வாழ்க்கையில் ஆண்டவர் செய்ததை ஒருவர் சொன்ன சாட்சிதான் முடிகிற வழியாக இல்லை. சாட்சி சொன்னவர் மூச்சுவிடாமல் ஐந்து வாக்கியம் பேசிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். மொழிபெயர்க்க நின்ற எங்கள் பெண் அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவாள். சந்தேகத்தோடு அவளைப் பார்ப்பார். அவளோ தரையைப் பார்ப்பாள்.

அப்போஸ்தலர் 20-ல் ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்து பவுலின் பிரசங்கத்தைக் கேட்டபடியே தூங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, கீழே விழுந்தான். வாலிபர் ஊழியம் செய்கிறவர்கள் தங்கள் அறையில் எழுதி ஒட்ட வேண்டிய வேதபகுதி அது. பவுல் பேசினாலே தூக்கம் வந்திருக்கிறது, நாமெல்லாம் எம்மாத்திரம்? நல்ல வேளையாக எங்கள் அறை தரைத்தளத்தில்.

ராத்திரி குழுத்தலைவியோடு பேசினேன். இனிமேல் சாட்சி ஏழு நிமிடம், இரண்டு வாக்கியத்துக்கு ஒரு நிறுத்தம், மொழிபெயர்க்கிறவளோடு முந்தின நாளே ஒருமுறை ஒத்திகை. அந்த அம்மா குறித்துக்கொண்டார்.

மார்ச் 23, ஞாயிறு

குழு நேற்றுக் கிளம்பிவிட்டது. இன்று ஓய்வுநாள் பாடசாலையில் வழக்கத்தைவிடப் பிள்ளைகள் குறைவு. பலூன் இல்லை என்பது தெரிந்துவிட்டது போல. வந்தவர்களில் ஒரு குட்டிப் பையன் என் புடவையைப் பிடித்து இழுத்து, "அந்த அங்கிள் எப்ப வருவாரு?" என்றான். தெரியாது என்றேன். வாசலிலேயே போய் உட்கார்ந்துகொண்டான்.

இதைப் பற்றிக் குழுக்களின் அறிக்கையில் யாரும் எழுதுவதில்லை. எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று எழுதுவார்கள், அடுத்த ஞாயிறு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கேள்வியே அதில் இருக்காது. குறை சொல்லவில்லை, அந்த ஞாயிறு அவர்கள் ஊரில் இருக்க மாட்டார்களே.

தேடிப்போகும் கமிட்டி இந்த வாரம் வீடு வீடாகப் போகிறது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

அதிகாலை ஆராதனையை முழுக்க முழுக்க வாலிபர்களே நடத்தினார்கள். மைக் இரண்டு தடவை கத்தியது, ஒரு பாட்டு பாதியில் நின்று மறுபடி தொடங்கியது. பெரியவர்கள் யாரும் திரும்பிப் பார்த்து முறைக்கவில்லை. இந்தச் சபையில் இது ஒரு முன்னேற்றம்.

இந்த வருஷம் மேற்கத்திய சபைகளுக்கும் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கும் ஈஸ்டர் ஒரே நாளில் வந்திருக்கிறது. இரண்டு நாட்காட்டிகளும் எப்போதாவதுதான் இப்படி ஒத்துப்போகும். பிள்ளைகளுக்குச் சொன்னேன். "அப்போ மத்த வருஷம் யாரு தப்பு?" என்று ஒருத்தி கேட்டாள். போதகரிடம் அனுப்பிவைத்தேன்.

மே 21, புதன்

விடுமுறை வேதாகமப் பள்ளி. போன வருஷம் வெளிக்குழு ஒன்று நடத்தியது, இந்த வருஷம் எங்கள் வாலிபர்களே ஆசிரியர்கள். தொண்டை கட்டி, குரல் போய், மூன்றாம் நாள் எல்லோருமே விசிலில்தான் பேசிக்கொள்கிறோம். அன்று சாட்சியை மொழிபெயர்த்த பெண்ணுக்கு இப்போது ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. தாவீது கதையில் கோலியாத்தாகவும் அவளே விழுந்து காட்டுகிறாள். எழுந்திருக்க விடாமல் பிள்ளைகள் மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

ஜூலை 19, சனி

முகாமுக்கு இடம் பார்க்கப் போன இடத்தில் அடைமழை. கொட்டகை ஒன்றின் கீழ் எட்டுப் பேரும் ஒண்டிக்கொண்டு நின்றோம். தகரக் கூரையில் மழைச் சத்தம், பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. மழை கொஞ்சம் விட்டதும் அவர்களுக்கு 1806-ஆம் வருஷத்துக் கதையைச் சொன்னேன்.

மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் ஆகஸ்ட் மாதத்து மதியம் ஒன்றில் வயல்வெளியில் ஜெபிக்கப் போனார்கள். இடி மின்னலோடு மழை பிடித்துக்கொண்டது. வைக்கோல் போரடியில் ஒதுங்கி, அங்கேயே ஆசியாவுக்கு மிஷனரிகளை அனுப்புவது பற்றிப் பேசி ஜெபித்தார்கள். அதில் முளைத்த எண்ணம்தான் 1810-ல் அமெரிக்க மிஷன் வாரியமாக ஆனது. அந்த வாரியம் அனுப்பியவர்கள் 1816-ல் யாழ்ப்பாணத்தில் வேலையைத் தொடங்கினார்கள். வட்டுக்கோட்டை செமினரியும் உடுவில் பெண்கள் பள்ளியும் அவர்கள் வழி வந்தவை. கல்லூரிப் பையன்கள் மழைக்கு ஒதுங்கியதன் தொடர்ச்சியில் தமிழ்ப் பெண்பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றிருக்கிறார்கள்.

"அவங்க அஞ்சு பேரு, நாம எட்டு பேரு" என்றான் ஒருவன். இன்னொருவன், "அவங்களுக்கு வைக்கோல் போர் இருந்துச்சு, நமக்கு ஒழுகுற தகரம்" என்றான். அப்புறம் கிட்டார் தம்பி மெதுவாக, "நாம ஏன்கா எங்கயும் போறதில்லை? எப்பவும் நம்மகிட்டதான் வர்றாங்க" என்றான். மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 9, சனி

இரண்டாம் குழு வந்து நான்காம் நாள். இந்த முறை நிகழ்ச்சி நிரலைப் போட்டது விருந்தினர் கமிட்டி. வந்தவர்களுக்கு அவர்கள் ஒதுக்கிய வேலை: காலையில் வகுப்புகளில் எங்கள் ஆசிரியர்களுக்கு உதவி, மதியம் வீட்டுச் சந்திப்பில் கூடப் போவது, சாயங்காலம் கால்பந்து. மேடை நிகழ்ச்சி ஒன்றே ஒன்று, அதிலும் பாட்டு இரு தரப்பும் சேர்ந்து. குழுவில் சிலருக்கு ஏமாற்றம், மாதக்கணக்காகப் பயிற்சி எடுத்த நடனம் அவர்களிடம் இருந்தது. கமிட்டி கூடி, அதற்கு வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் கொடுத்தது. கிட்டார் தம்பி அதை அறிவித்த தோரணையைப் பார்க்க வேண்டுமே! ஏதோ பேராயர் ஆணை மாதிரி.

குழுவில் ஒருவர் இன்னும் ஒரு வாரம் கூடத் தங்கலாமா என்று கேட்டார். டிடாக்கே என்ற ஆதித்திருச்சபைப் போதனை நூலில், ஊர் ஊராக வரும் அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டாம் நாளும் தங்கலாம், மூன்று நாள் தங்கினால் அவன் கள்ளத்தீர்க்கதரிசி என்று இருக்கிறது. போகும்போது பணம் கேட்டாலும் அதே பட்டம்தான். விருந்தோம்பலில் களைத்துப்போன யாரோ எழுதிய வரிகள் என்று எனக்குத் தோன்றும். அதே நூலில், நிலையாகத் தங்க விரும்புகிறவன் வேலை செய்து சாப்பிடட்டும் என்றும் இருக்கிறது. அதையே அவரிடம் சொன்னேன். சிரித்தார். (வருஷக் கடைசியில் சேர்த்தது:) தங்கினார். எங்கள் கழிப்பறைக் கதவுகள் மூன்றுக்கும் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். வருஷம் முழுவதும் வந்த உதவிகளில் பெண்பிள்ளைகள் மனமாரப் பாராட்டியது அதைத்தான்.

செப்டம்பர் 10, புதன்

உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். நாட்காட்டியைப் பார்த்து நடந்ததில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கூட இருந்த பிள்ளை ஒன்று, "அக்கா, ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?" என்றது. சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது, உனக்கு ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்வேன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன் என்றேன். கொஞ்ச நேரம் நாற்காலியை வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு சொன்னது.

சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை என்பதே மனநல மருத்துவர்கள் நமக்குச் சொல்லித்தருவது. ஜெபித்தோம். ஜெபத்தோடு விடவில்லை, இன்று இரவே பெற்றோர், நாளை காலை மருத்துவர், கூட நானும். இதற்கு மேல் இங்கே எழுதுவதற்கில்லை.

ஒன்று மட்டும். இந்தப் பிள்ளையோடு பல வருஷமாக நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். இதுவரை மதிப்பெண், மழை, சினிமா தவிர வேறு பேச்சு வந்ததில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

மார்ச் மாதக் குழுவின் மூத்த ஐயாவிடமிருந்து கடிதம். கையால் எழுதியது. அந்தக் குட்டிப் பையனுக்குத் தனித்தாளில் படம் வரைந்து, "சபை வழியாகவே அனுப்புகிறேன்" என்று குறும்பாக ஒரு குறிப்பு வேறு. மறுபடி வருகிறேன் என்று எங்கும் எழுதவில்லை.

வாலிபர்களுக்கு இன்று வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றிப் பேசினேன். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். 1910-ல் எடின்பர்க் உலக மிஷனரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து நின்று, உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உடலையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், நண்பர்களைத் தாருங்கள் என்றார். கேட்டவர்களில் பலருக்கு அது ரசிக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவரே தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயர், இந்தியரான முதல் ஆங்கிலிக்கன் பேராயர்.

கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, "அப்போ அவரும் நம்ம கிட்டார் அண்ணன் மாதிரி கோவக்காரரா?" என்றாள். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

கிறிஸ்துமஸ் வேலை ஓய்ந்து முதல் கமிட்டிக் கூட்டம். தீர்மானம் ஒன்று: வருகிற மே மாதம் எங்கள் வாலிபர்கள் ஒரு சின்னச் சபைக்கு விடுமுறை வேதாகமப் பள்ளியில் உதவப் போகிறார்கள். அங்கே இரண்டே ஆசிரியர்கள். என்ன வேண்டும் என்று முதலில் அவர்களிடம் கேட்டு எழுதுவது என்று முடிவு. கடிதத்தைக் கிட்டார் தம்பியே எழுதினான்: "நாங்கள் வந்து என்ன செய்யக் கூடாது என்பதையும் தயவுசெய்து சொல்லவும்." போதகர் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டார்.

தீர்மானம் இரண்டு: எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட். வருஷம் முழுக்க அதைக் கிண்டலடித்த கூட்டம் இதே கூட்டம்தான். நான் எதிர்த்துப் பேசினேன். ஓட்டெடுப்புக்கு விட்டார்கள். தோற்றுப்போனேன். இப்போது மெரூனா நீலமா என்று சண்டை நடக்கிறது, முதுகில் எந்த வசனம் என்பது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.