துடிக்கும்போதே எடுத்த ஈசிஜி

படபடப்பு நின்ற பிறகு எடுத்த ஈசிஜிகள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன. எல்லாமே சுத்தம். புதுக்குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நெஞ்சு தானாகவே அடங்கிவிடும். பிறகென்ன, "யோசனையைக் குறையுங்கள் பிள்ளை" என்று சொல்லி வாய்வுக் குளிசை தருவார்கள். பிரஷரும் இல்லை, சீனியும் இல்லை, யார் நம்புவார்கள்?

இதய கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிப் போனால், கையெழுத்து இருக்கிறது, முத்திரை இல்லை என்று எழுதுவினைஞர் திருப்பி அனுப்பினார். தொலைபேசியில் கேட்டாலே தீர்கிற விடயம். ஏ9 வீதியில் வீடு திரும்பும்வரை எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த முறை கிணற்றடியில் தொடங்கியபோது பெரிய ஆஸ்பத்திரியை நினைக்கவே இல்லை. பக்கத்து வீட்டு அண்ணாவின் ஆட்டோவில் கிட்டவுள்ள சிறிய ஆஸ்பத்திரிக்கே போனேன். அங்கிருந்த தாதி பெயர்கூடப் பதியாமல் கட்டிலில் கிடத்தி ஈசிஜி எடுத்தார். நிமிடத்துக்கு 188. டொக்டர் வெறும் சிரிஞ்சைத் தந்து 15 விநாடி முக்கி ஊதச் சொன்னார். உடனே மல்லாக்கச் சாய்த்துக் கால்களைத் தூக்கிப் பிடித்தார்கள். டக்கென்று படபடப்பு நின்றது!

அந்தத் தாளைப் போட்டோப்பிரதி எடுத்தது பெரிய புத்தி. ஈசிஜி தாள் வெப்பத்தில் அச்சாவது. கிளினிக் கொப்பியில் டேப் போட்டு ஒட்டிய மூலப் பிரதியில் கோடுகள் வெளிறிவிட்டன.

இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ ஸ்கேனில் குறையில்லை. பிரதியைக் கண்டதும் நிபுணர் கேள்வியே கேட்கவில்லை. கொப்பியின் ஓரத்தில் வட்டம் கீறினார். இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரம் இறங்கும் முடிச்சில் எனக்கு இரண்டு பாதைகளாம், ஒன்று வேகம், மற்றது மெது. நல்ல இதயத்திலும் இடைக்கிடை ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருமாம். அப்போது வேகப்பாதை இன்னும் ஓய்வில் இருந்தால், மின்சாரம் மெதுப்பாதையால் இறங்கி, அதற்குள் விழித்துவிட்ட வேகப்பாதையால் மேலேறிச் சுற்றத் தொடங்கிவிடும். தசையும் வால்வும் நன்றாக இருப்பதால் எக்கோவில் இது தெரியாது. யோசனையாவது, வாய்வாவது!

மயக்கமோ நெஞ்சு நோவோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் ஊதிக்கொண்டிருக்காமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தொடை இரத்தக் குழாயால் வயர் செலுத்தி மெதுப்பாதையைச் சுட்டுவிடும் சிகிச்சைக்குக் கொழும்புக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். முத்திரையைப் பார்த்த பிறகே கதிரையை விட்டு எழும்பினேன்.