ஏற்கெனவே ஒருமுறை வெட்டப்பட்ட தளம்

பழைய அலுவலகக் கட்டடத்தைப் புதுப்பித்து முடித்ததும் எல்லாரும் பார்ப்பது பளிங்குத் தரையையும் கண்ணாடித் தடுப்புகளையும்தான். காங்கிரீட்டில் செய்த வேலை சீலிங்குக்கு மேலே மறைந்துபோகும். கோலாலம்பூரில் ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியராக என் பிழைப்பு அந்த மறையும் பகுதியில்தான் ஓடுகிறது. பலருக்குத் தெரியாத வேலை என்பதால் ஒரு திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜாலான் ராஜா சூலான் பக்கம், எண்பதுகளில் கட்டிய கோபுரம். ஒரு நிறுவனம் அடுத்தடுத்த இரண்டு மாடிகளை வாடகைக்கு எடுத்திருந்தது. லிஃப்டுக்குக் காத்து நிற்காமல் உள்ளுக்குள்ளேயே ஏறி இறங்க ஒரு படிக்கட்டு கேட்டார்கள். அதற்கு மேல்மாடித் தளத்தில் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துக்குத் திறப்பு வெட்ட வேண்டும். தளத்தின் கனம் 150 மில்லிமீட்டர். ஒரு கன மீட்டர் கம்பி கட்டிய காங்கிரீட் ஏறத்தாழ 2.4 டன் என்று கணக்கிட்டால், வெட்டி இறக்க வேண்டியது 5.4 டன்.

"எடையை எடுக்கத்தானே செய்றீங்க, கட்டடத்துக்கு நல்லதுதானே?" என்று வாடகைதாரர் தரப்பில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் காலத்துத் தளங்கள் பீம் மேல் பீமாகத் தொடர்ந்து ஓடுபவை. பீமுக்கு மேலே கம்பி தளத்தின் மேல்முகத்தை ஒட்டிக் கிடக்கும்; இரண்டு பீமுக்கு நடுவே கீழ்முகத்தை ஒட்டிக் கிடக்கும். பீம்களுக்கு நடுவே உள்ள ஒரு கட்டத்துத் தளம் பக்கத்துக் கட்டத்தின் எடையால்தான் தன் நடுப்பகுதி அதிகம் தொய்யாமல் நிற்கிறது. காவடித்தண்டில் ஒரு பக்கத்துச் சுமையை இறக்கிவிட்டால் மறுபக்கம் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். வெட்டிய இடத்தைவிட, வெட்டாமல் விட்ட பக்கத்துக் கட்டத்துக்குத்தான் புதுச் சிரமம் வரும். அங்கே கீழே கிடக்கும் கம்பி அதற்குப் போதுமா என்று பார்க்காமல் ரம்பத்தை வைக்கக் கூடாது.

கட்டட நிர்வாகம் கொடுத்த பழைய வரைபடம் நகலுக்கு நகல் எடுத்தது. கம்பி எண்களில் பாதி மங்கிப் போயிருந்தது. தெளிவாகவே இருந்திருந்தாலும் அதை மட்டும் நம்பி இருக்கமாட்டேன். நாற்பது வருடத்தில் ஒரு தளத்தில் எத்தனையோ பேர் கைவைத்திருப்பார்கள். அதனால், காங்கிரீட்டுக்குள் கம்பி எங்கே கிடக்கிறது என்று காட்டும் ரேடார் ஸ்கேன் வேண்டும் என்றேன். செலவு என்று தயங்கினார்கள். வரவேற்பறைச் சுவர்க் கல்லுக்கு ஆகும் தொகையில் இது ஒரு துளிதான் என்று சொல்லி நின்றுவிட்டேன். உள்ளே கேபிளை இழுத்துக் கட்டிய போஸ்ட் டென்ஷன் தளமாக இருந்தால், ஸ்கேன் வேண்டுமா என்ற பேச்சுக்கே இடமில்லை. அதில் ஒரு கேபிள் இழையே பத்து டன்னுக்கு மேல் இழுவிசையில் இருக்கும். தெரியாமல் அறுத்தால் ஆளையே கொன்றுவிடும்.

ஸ்கேன் கருவியைத் தரையில் உருட்டிக்கொண்டே போனபோது கம்பிகள் 200 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒழுங்காக வந்தன. திடீரென்று ஒரு நேர்கோட்டில் எல்லாம் மாறிப்போனது. கம்பியின் ஆழம் வேறு, இடைவெளி வேறு. சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனால் தரையில் ஒரு செவ்வகம் வந்தது. அதன் விளிம்பில் துளை போட்டு ஒரு கோர், அதாவது உருளைத் துண்டு, எடுக்கச் சொன்னேன். வெளியே வந்த உருளையை நீரில் கழுவிப் பார்த்தோம். ஒரு பாதி கருஞ்சாம்பல், பெரிய கருங்கல் ஜல்லி. மறுபாதி வெளிறிய நிறம், ஜல்லியும் பொடி. இரண்டுக்கும் நடுவே மயிரிழைபோல ஒரு கோடு.

அந்தக் கட்டடத்தில் நெடுங்காலமாகப் பராமரிப்பில் இருக்கும் அண்ணன் ஒருவர் அதைப் பார்த்ததும் சொன்னார்: "முன்ன இருந்த கம்பெனிக்கும் இங்கதான் தம்பி படிக்கட்டு இருந்துச்சு. காலி பண்ணப்போ மூடிட்டுப் போனாங்க." வாடகை ஒப்பந்தம் முடிந்தால் இடத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்பது இங்கே வழக்கமான நிபந்தனை. விளிம்பில் துளை போட்டு, ரெசின் ஊற்றி, கம்பி செருகி, காங்கிரீட் நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே சிமெண்டுப் பூச்சும் கம்பளமும் வந்தபிறகு யாருக்கும் தெரியவில்லை.

ஆர்க்கிடெக்ட் வரைந்த புதுத் திறப்பு இந்த ஒட்டுத்துண்டைப் பாதியில் வெட்டியது. அப்படியே அறுத்திருந்தால் மிச்சப் பாதி, அந்தச் செருகு கம்பிகளை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கும். திறப்பை 1.2 மீட்டர் நகர்த்தினால் ஒட்டு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். வரவேற்பறையிலிருந்து பார்த்தால் படிக்கட்டு நடுவில் தெரியாது என்று ஆர்க்கிடெக்ட் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கோரை மேசைமேல் வைத்து இரண்டு நிறத்தையும் காட்டியபிறகு பேச்சு வளரவில்லை.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1995-இல் சியோலில் சாம்பூங் பேரங்காடி இடிந்து 502 பேர் இறந்தார்கள். எஸ்கலேட்டருக்காகத் தூண்களை மெலிதாக்கியது, கணக்கில் இல்லாத ஐந்தாம் மாடியைச் சேர்த்தது எல்லாம் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. இங்கே பெட்டாலிங் ஜெயாவில் 2009-இல் ஜெயா சூப்பர்மார்க்கெட்டை இடிக்கும்போது சரிந்து 7 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த ஏழு பேரும் கையில் சம்பளச் சீட்டைத் தவிர அந்தக் கட்டடத்தோடு வேறு உறவே இல்லாதவர்கள். தளத்துக்குக் கீழே நின்று வேலை செய்கிறவர்களை நினைக்காமல் என்னால் ஒரு வரைபடத்திலும் கையெழுத்துப் போட முடியாது.

கோலாலம்பூர் மாநகர மன்றமான டிபிகேஎல்லின் ஒப்புதல் வந்ததும் வரிசைப்படி வேலை நடந்தது. முதலில் முட்டு. கீழே இரண்டு மாடிக்கு ஜாக் முட்டு கொடுத்தோம். அதில் ஒரு மாடியில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மேசைகளுக்கு நடுவே இரும்புக் கம்பம் நிற்பதை அவர்களிடம் பேசிப் புரியவைப்பதற்கே நேரம் போயிற்று. அடுத்து, திறப்பின் விளிம்பு வரப்போகும் இடங்களில் தளத்துக்குக் கீழே இரும்பு எச்-பீம். தளத்துக்கும் பீமுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சுருங்காத சிமெண்டுக் கலவையான கிரவுட்டை அடைத்து, அது பலம் பிடிக்கும்வரை யாரும் ரம்பத்தைத் தொடவில்லை. பாரம் கைமாற இடம் இருந்தால்தான் வெட்டலாம்.

அறுப்பது சனிக்கிழமை இரவு. ரம்பம் பிடித்தவர் சுங்கை சிப்புட் தோட்டத்தில் வளர்ந்தவர், வயதில் மூத்தவர். உதவிக்கு வங்காளதேசத்துப் பையன்கள். "மூலைய முதல்ல தொளச்சிரணும், தம்பி. பிளேடு வட்டம், நாம வெட்டுறது சதுரம்" என்றார். மேல்முகத்தில் ரம்பம் மூலையைத் தொடும்போது கீழ்முகத்தில் இன்னும் காங்கிரீட் பாக்கி இருக்கும். அதையும் அறுக்கக் கோட்டைத் தாண்டிப் போனால் வெளிப்பக்கம் இருக்க வேண்டிய கம்பி அறுந்துவிடும். அதனால் நான்கு மூலையிலும் கோர் துளை போட்டு, ரம்பத்தை அந்தத் துளைக்குள் நிறுத்தினார். ஒரு மூலையில்கூடக் கோடு தாண்டவில்லை. அந்தக் கைக்கு எந்த வரைபடத்திலும் குறிப்பு கிடையாது.

துண்டுகளை 90 சென்டிமீட்டர் சதுரமாக அறுத்தோம். ஒவ்வொன்றும் சுமார் 290 கிலோ. சரக்கு லிஃப்டில் தள்ளுவண்டியோடு போகும். பாரம் தூக்கும் சங்கிலிக் கருவியான செயின் பிளாக்கில் முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் கடைசி அறுப்பு. பக்கத்துக் கட்டத்துக்குக் கீழே, தளம் அசைகிறதா என்று அளக்க வைத்திருந்த டயல் கேஜ் முள் ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை.

படிக்கட்டு நின்றபிறகு, ஸ்கேன் படங்கள், கோரின் புகைப்படம், பழைய ஒட்டின் அளவு, புது பீம்களின் இடம் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் சேர்த்தேன். இந்த வாடகைதாரரும் ஒருநாள் காலி செய்வார். மூட வருகிறவருக்கு எந்தப் பீமைக் கழற்றக் கூடாது என்று தெரிய வேண்டும். நிர்வாக அலுவலகத்தில் இரண்டு பிரதி கொடுத்தேன். ஒன்றைப் பராமரிப்பு அண்ணன் வாங்கித் தன் அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.