“லோடு ஃபுல்” என்றார்கள்: எங்கள் ஊருக்கு டிரான்ஸ்பார்மர் வந்த கதை

பர்மாவில் பெகு பக்கம் எங்கள் ஊர். தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம். வயலுக்கு மேலே 66 கிலோவோல்ட் லைன் போகிறது, சப்ஸ்டேஷனும் பக்கத்திலேயே. ஆனாலும் 2019 வரை எங்களுக்கு சோலாரும் பாட்டரியும்தான். “தலைக்கு மேல போகுதே, ஒரு வயர் இழுத்தா என்ன?” என்று கேட்காத பெரிசு கிடையாது. இழுக்க முடியாது. சப்ஸ்டேஷன் அந்த 66-ஐ 11 கிலோவோல்ட்டாக இறக்கி, பீடர் பீடராக, அதாவது பக்கத்துக்கு ஒரு லைனாக, பிரித்து அனுப்பும். அந்த 11 லைனை ஊர்வரை கொண்டுவந்து, டிரான்ஸ்பார்மர் வைத்து 400 வோல்ட் ஆக்கினால்தான் வீட்டில் விளக்கு எரியும். பர்மாவில் பல கிராமங்கள் இந்தக் கடைசி வேலையைச் சொந்தக் காசில்தான் செய்துகொண்டன. நாங்களும் அப்படித்தான்.

கமிட்டி, கோயில் மண்டபத்தில் வசூல், ஊர்த் தலைவர் கையெழுத்து எல்லாம் சுலபமாக முடிந்தது. மின்சார ஆபீசில்தான் வினை. கம்பம் நிற்கப்போகும் ஒவ்வொரு வயல்காரரும் சம்மதம் எழுதித் தரவேண்டும் என்றார் கிளார்க். ஒருவர் ரங்கூனில் மகள் வீட்டில் இருந்தார். பஸ் ஏறிப் போய்க் கையெழுத்து வாங்கி வந்து நீட்டினால், ஃபைலைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் மூலையில் பென்சிலால் “லோடு ஃபுல்” என்று எழுதுகிறார். அதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாமே!

கோபத்தோடு நேரே சப்ஸ்டேஷன் கேட்டுக்குப் போனோம். ஷிப்டில் இருந்தவர் உள்ளே விடவில்லை, விடவும் கூடாது. ஆனால் மனிதர் நல்லவர், நின்று பேசினார். “ஸயா (பர்மாவில் ‘ஐயா’ மாதிரி), இடமே இல்லையா?” என்று கேட்டதற்குச் சிரித்தார். ஒவ்வொரு பீடரிலும் எத்தனை ஆம்பியர் போகிறது என்று மணிக்கு மணி நோட்டில் எழுதுவது அவர் வேலை. அங்கே இருப்பது 5 எம்விஏ, அதாவது 5000 கேவிஏ டிரான்ஸ்பார்மர். 11 கிலோவோல்ட் பக்கம் சுமார் 260 ஆம்பியர் தாங்கும். நாங்கள் கேட்ட 100 கேவிஏ டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் 5 ஆம்பியர் சொச்சம்தான். ஃபுல் ஆனது சப்ஸ்டேஷன் இல்லை, அரிசி மில்கள் தொங்கும் ஒரே ஒரு பீடர். கால்வாய்க்கு அந்தப் பக்கம் போகும் பீடர் காலியாகத்தான் ஓடுகிறதாம்.

மனுவில் பீடரை மாற்றி எழுதிக் கொடுத்தோம். கிளார்க் முகம் சுளித்தார். இன்ஜினியர் படித்துவிட்டு, அந்தக் கிளார்க்கையே ரப்பர் எடுத்துப் பென்சில் எழுத்தை அழிக்கச் சொன்னார். கூடுதல் கம்பத்துக்கு மறுபடி வசூல் பண்ணவேண்டி வந்தது, ஆனால் அந்தக் காட்சிக்கு அது தகும்.

இனி விண்ணப்பிக்கிறவர்கள் எந்த பீடர் என்று எழுத்தில் கேட்டுவிட்டு அப்புறம் வயல்காரர்களைத் தேடுங்கள். டிரான்ஸ்பார்மர் ஊர் நடுவில் இருக்கட்டும். 400 வோல்ட் லைன் நீண்டால் கடைசி வீட்டில் மின்விசிறி சுற்றாது. எங்கள் ஊரிலும் காசுக்காரர் ஒருவர் தன் வாசலில் வைக்கச் சொல்லி மல்லுக்கட்டினார், விடவில்லை. கோடையில் மண் காய்ந்து எர்த் சரியில்லை என்று சோதனைக்கு வந்தவர் திரும்பிப் போய்விட்டார். கூடுதல் எர்த் கம்பிகளை முன்னாலேயே மண்ணில் அடித்து வையுங்கள். சார்ஜ் பண்ணும் அன்று, அதாவது முதன்முதலாகக் கரண்ட் விடும் அன்று, கடைசி வீட்டில் வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள். வோல்டேஜ் குறைந்தால் டிரான்ஸ்பார்மரில் அதைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை மாற்றித் தரச் சொல்லலாம், ஒரு படிக்கு 2.5 சதவீதம் ஏறும். லைனை ஆஃப் பண்ணித்தான் மாற்றுவார்கள் என்பதால் அவர்கள் கிளம்புவதற்குள் கேட்டுவிடுங்கள்.

இப்போது முறைவைத்துக் கரண்ட் கட். ஊர்ப் பிள்ளைகள் சப்ஸ்டேஷனுக்கு போன் போட்டுத் திட்டுகிறார்கள். பாவம், மேலிருந்து உத்தரவு வந்தால் பிரேக்கரைத் திறந்து லைனைத் துண்டிப்பதைத் தவிர ஷிப்டில் இருப்பவரால் என்ன செய்ய முடியும்? பீடர் பெயரைச் சொல்லிக் கேட்டால் நம் முறை எப்போது என்று சொல்வார். கரண்ட் திரும்பியதும் எடுத்த எடுப்பில் தண்ணீர் மோட்டாரைப் போடாதீர்கள்; எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் போட்டால் வோல்டேஜ் படுத்துவிடும். எங்கள் தெருவில் ஒரு மோட்டார் அப்படித்தான் கருகியது.