டிரிப் விழாத வீடு

பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா குளிக்கப் போகும்போது ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பாத்ரூமுக்குள் நுழைவதைப் பார்த்தேன். வெளியில் போட்ட செருப்பு வீட்டுக்குள் வந்தாலே அம்மாவுக்கு ஆகாது. ஏன் என்று கேட்டேன்.

"பைப்பத் திருகுனா சுள்ளுன்னு இருக்கு புள்ள. செருப்பு போட்டா ஒண்ணும் செய்யாது."

எத்தனை நாளாக என்று கேட்டால், ஐப்பசி மழையிலிருந்தாம். மூன்று மாதமாக அம்மாவும் அப்பாவும் செருப்பை நம்பிக் குளித்திருக்கிறார்கள்.

நான் விஞ்ஞான ஆசிரியை. சுள்ளென்று இருந்தால் எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று எனக்குத் தெரியும். உடனே வீட்டுக் கரண்டைப் பிரித்து அனுப்புகிற டி.பீ. பெட்டியைத் திறந்து, கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற டிரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அமுக்கினேன். டக் என்று விழுந்தது. வீடு முழுக்க இருட்டு. சரி, டிரிப் வேலை செய்கிறதே என்று நிம்மதியாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பாத்ரூம் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, கீசரின் அடியில், அந்தச் சின்னச் சிவப்பு லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. மெயின் சுவிட்சை இறக்கினேன். அப்போதுதான் அது அணைந்தது. அன்றிரவு மெழுகுவர்த்தியோடு இருந்தோம். அம்மாவுக்கு அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

இந்த வயரிங்கைச் செய்தவர் யாரோ தெரியாத ஆள் இல்லை. எங்கள் பக்கத்து ஆள்தான், பதிவு பெற்ற மின் தொழில்நுட்பவியலாளர். படம் ஒட்டிய அட்டையை அப்பாவிடம் காட்டியிருக்கிறார். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது வரிசை வீட்டிலிருந்து, 7 பேர்ச் காணிக்கு வந்து கட்டிய வீடு இது. அப்பா சீமெந்துக்கும் தகரத்துக்கும் பேரம் பேசினார், கரண்ட் வேலைக்கு மட்டும் பேசவில்லை. "லைசன்ஸ் உள்ள ஆளு, கேட்ட காசக் குடுத்துருவோம்" என்றார். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. லயத்தில் தீப்பிடித்தால் மறுநாள் பேப்பரில் வருகிற சொல் 'மின்னொழுக்கு'. அதை வாசித்து வாசித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பழைய லக்ஷபான மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது, எங்கள் மலையில் விழுகிற மழைத் தண்ணீரில். ஆனால் அம்மா படித்தது குப்பி லாம்பில். கரண்ட் வீட்டுக்கு வந்ததே அவருக்குப் பெரிய விஷயம், அதைக் கொண்டுவந்து தந்தவரும் பெரிய மனிதர்.

அந்த ஐப்பசியில் டிரிப் அடிக்கடி விழுந்திருக்கிறது. மழை பெய்தால் விழும், கீசரைப் போட்டால் விழும். அப்பா அவரைக் கூப்பிட்டார். வந்தவர் அரை நாள் வேலை செய்துவிட்டு 2500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு டிரிப் ஒருநாளும் விழவில்லை. "கைராசிக்காரன்" என்று அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை ஹட்டனிலிருந்து ஒரு தம்பியை வரவழைத்தேன். மின்வேலைக்கான என்.வி.கியூ. தொழிற்தகைமை முடித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதிகம் பேசவில்லை. ஈர மண்ணில் ஒரு கம்பியைக் குத்தி, மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையைப் பாத்ரூம் பைப்பிலும் வைத்தார். மெயினைப் போடச் சொன்னார். 118 வோல்ட் காட்டியது. அம்மா தினமும் கை வைக்கிற பைப்.

பிறகு மெயினை இறக்கிவிட்டுக் கீசரின் மூடியைக் கழற்றினார். "டீச்சர், இங்க பாருங்க."

பச்சை வயர், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடுகிற எர்த், ஒரு விரற்கட்டை நீளத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய நுனியை மடித்து, கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, கண்ணில் படாதபடி பின்பக்கம் செருகியிருந்தது. எனக்கு அதிகம் வலித்தது அந்த நேர்த்திதான். அவசரத்தில் மறந்துபோன வேலை அப்படி இருக்காது. உட்கார்ந்து, பொறுமையாக, சுருக்கம் விழாமல் சுற்றிய டேப் அது.

டி.பீ. பெட்டியின் முன்பக்கத்தைக் கழற்றியதும் மிச்சமும் தெரிந்தது. கீசருக்குப் போகும் இரண்டு வயர்களும் டிரிப் சுவிட்சுக்கு முன்னாலேயே, மெயின் சுவிட்சிலிருந்து நேராக இழுக்கப்பட்டிருந்தன. தம்பி யோசித்துச் சொன்னார்: "கீசர்ல தண்ணியச் சூடாக்குற கொயில்ல லீக் இருக்கு டீச்சர். அதான் டிரிப் விழுந்திருக்கு. மொதல்ல எர்த்த வெட்டிப் பாத்திருப்பாரு. அப்பவும் தண்ணி வழியா லீக் ஆகி விழுந்திருக்கும். அப்புறந்தான் டிரிப்பையே தாண்டி எடுத்துட்டாரு."

ஆக, டிரிப் சுவிட்ச் விழுந்தது பழுது இல்லை. அது அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று அது பார்க்கும். 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தால் அறுத்துவிடும். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுப்பதே அதைவிடக் கூட. அவ்வளவு சின்ன ஒழுக்கையும் கண்டுபிடிக்கிற காவல்காரனை அவர் வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பக்கத்தில் வரிசையாக இருக்கிற பிரேக்கர்கள் இந்த வேலையைச் செய்யாது, அவை வயரைக் காப்பாற்ற வைத்தவை. அதிலும் இங்கே கோளாறு. 3 கிலோவாட் கீசருக்கு 13 அம்பியர் வேண்டும், ஆனால் லைட்டுக்குப் போடுகிற மெல்லிய 1/1.13 வயரை இழுத்து, அதற்கு 20 அம்பியர் பிரேக்கர் போட்டிருந்தார். வயர் பொசுங்கினாலும் அது விழாது. முனையில் பிளாஸ்டிக் ஏற்கெனவே பழுப்பாகியிருந்தது.

எர்த் வயர் போய்ச் சேர்கிற, மண்ணில் அடித்த எர்த் கம்பியைப் பார்க்க வீட்டுக்குப் பின்னால் போனோம். தண்ணீர் ஓடுகிற கானுக்குப் பக்கத்தில் அழகாகச் சீமெந்து பூசி, கம்பியின் தலை மட்டும் தெரிந்தது. தம்பி கையால் பிடித்து ஆட்டினார், ஆடியது. இழுத்தார், வந்துவிட்டது. ஒரு முழம்கூட இல்லை. எங்கள் பக்கம் ஓரடி தோண்டினாலே கல் தட்டும், கம்பி இறங்காதது உண்மைதான். இறங்காத மிச்சத்தை அறுத்து எறிந்துவிட்டு மேலே சீமெந்து பூசியிருக்கிறார்.

அவருக்குப் போன் எடுத்தேன். மறுக்கவில்லை. "வயசானவங்க டீச்சர், ராவுல டிரிப் விழுந்தா கஷ்டப்படுவாங்கன்னுதான் செஞ்சேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. தெரியாமல் செய்தவரிடம் கோபப்படலாம், சொல்லிக் கொடுக்கலாம். இவருக்கு எர்த் எதற்கு என்று தெரியும். தெரிந்ததால்தான் டேப் சுற்றி ஒளித்து வைத்தார்.

தம்பிக்கு வேலை முடிய இரண்டு நாள் ஆனது. கொயில் மாற்றி, தடிப்பான 7/0.67 வயர் இழுத்து, கீசரை டிரிப்புக்குக் கீழே கொண்டுவந்தார். எர்த் கம்பிக்கு மூன்று இடத்தில் அடித்துப் பார்த்தும் கல். நாலாவது, கொய்யா மரத்தடியில், குளிக்கிற தண்ணீர் வடிகிற மண்ணில், நாலடியும் இறங்கியது. டெஸ்ட் பட்டனை அம்மாவையே அமுக்கச் சொன்னேன். வீடு இருண்டதும் அம்மா நேராகப் பாத்ரூமுக்குப் போய்ச் சிவப்பு லைட்டைப் பார்த்தார். அணைந்திருந்தது.

நீங்களும் அமுக்கிப் பாருங்கள். டிரிப் விழுந்தது போதும் என்று நின்றுவிடாமல், கீசர், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் நின்றிருக்கிறதா என்று ஒவ்வொரு அறையாகப் போய்ப் பாருங்கள்.

வெட்டிய வயரையும் அந்த முழக் கம்பியையும் படம் எடுத்து முறைப்பாடு எழுதி வைத்திருக்கிறேன். "நம்ம ஆளு, வயித்துல அடிக்காத" என்கிறார் அப்பா. ஆனால் எங்கள் வரிசையில் இன்னும் எட்டு வீட்டுக்கு வயரிங் செய்தவர் அவர்தான். தம்பியோடு மூன்று வீடு பார்த்துவிட்டோம். ஒன்றில் எர்த் கம்பியே இல்லை. மிச்சம் ஐந்து வீடு இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வருகிறார்.