சைக்காவின் மூன்று சக்கரங்கள்

நேற்று நோட்டில் வரைந்த சைக்கா, அதாவது இந்த ஊர் சைக்கிள் ரிக்‌ஷா, ஒருவழியாகத் தரையில் நிற்கிறது. இது 41-வது. முந்தைய நாற்பதில் பாதி காற்றில் மிதந்தன, மீதி லாரி ஏறியது மாதிரி நசுங்கிக் கிடந்தன.

தினம் ஒரு பக்கம் வரைவது என்று ஆரம்பித்ததில் இப்போது ஐந்தாவது நோட்டு ஓடுகிறது. ரங்கூன் அனோரத்தா சாலை காளி கோயில் கோபுரத்தில் தொடங்கியதுதான் முதல் தப்பு. 1871-இல் கட்டியவர்கள் பொம்மைகளை எண்ணியா வைத்தார்கள்? மூன்று நாளில் கோபுரத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பக்கத்து டீக்கடைக்கு வந்தேன். இங்கே குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு ஏறிவிடும். அந்தக் கோணத்தை இப்போது ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடுவேன். கைலி மடிப்பு எனக்குக் கைவந்துவிட்டது என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

சைக்காவிடம்தான் மானம் போயிற்று. சைக்கிளின் பக்கவாட்டில் ஒட்டிய இருக்கையில் இரண்டு பேர் முதுகோடு முதுகு வைத்து உட்காரும் வண்டி. ஆட்கள் வந்துவிடுகிறார்கள், இருக்கை வந்துவிடுகிறது. மூன்று சக்கரங்கள் மட்டும் வராது.

சாய்ந்து பார்த்தால் வட்டம் நீள்வட்டமாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த நீள்வட்டம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில்தான் ஆறு வாரம் போனது. சக்கரம் செங்குத்தாக நிற்கிறது, ஆகவே நீள்வட்டத்தின் நெட்டச்சும், அதாவது நீளமான குறுக்குக்கோடும், செங்குத்தாக நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது கிடையாது. குற்றச்சு, அதாவது குட்டையான குறுக்குக்கோடு, சக்கரத்தின் அச்சுத்தண்டு போகும் திசையிலேயே படுக்க வேண்டும். நெட்டச்சு அந்தக் குற்றச்சுக்கு 90 டிகிரியில், அவ்வளவுதான். என் கண் மட்டத்துக்குக் கீழே இருக்கும் அச்சுத்தண்டு தாளில் சற்றுச் சரிந்துதான் விழும், அதனால் நீள்வட்டமும் ஒரு பக்கமாகச் சாயும். வரையும்போது சக்கரம் விழப்போகிறது என்று கை பதறும். பதறாமல் விட்டால் வண்டி நிற்கிறது!

இதைப் பிடித்தது சக்கரத்தில் அல்ல, டீக்கடை மேசையில். சும்மா கிடைக்கும் சீனத் தேநீர் பிளாஸ்க்கும் பிடியில்லாத குட்டிக் கிண்ணங்களும் எந்நேரமும் மேசையில் இருக்கும். நிற்கும் கிண்ணத்தில் கண்ணுக்குப் பக்கமான வாய்வட்டம் ஒடுங்கியும், அடிவட்டம் அகலமாயும் தெரியும். அதே கிண்ணத்தைப் படுக்கவைத்து உருட்டினால் அது ஒரு சக்கரம்! ஒரு வாரம் கிண்ணம் மட்டும் போட்டேன். பையன் மேசையைத் துடைக்க வந்தால் கிண்ணத்தை எடுக்காதே என்று கையைக் காட்டியதில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தான்.

கோடு போடுவதும் ஒரு வித்தை. மணிக்கட்டை மட்டும் அசைத்தால் இரண்டு முனையும் கூராகி மாங்கொட்டை ஆகிவிடும். தோளிலிருந்து கையை அசைத்து, பென்சில் தாளில் படாமல் நாலு சுற்றுச் சுற்றி, ஐந்தாவது சுற்றில் லேசாக இறக்கிவிட வேண்டும். முதல் கோடு தப்பினால் அழிக்காமல் அதன்மேலேயே இன்னொரு சுற்று.

இவ்வளவும் செய்து 38, 39, 40 மூன்றும் கெட்டுப்போயின. பின்சக்கரம் சரி, பக்கச் சக்கரம் சரி, முன்சக்கரம் மட்டும் வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது மாதிரி. வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். பெகூப் பக்கத்துத் தமிழர், அறுபதைத் தாண்டியவர்.

"என்ன தம்பி, என் ஹேண்டிலப் பூட்டிட்டீங்களா?"

"எங்கண்ணே பூட்டினேன்?"

"நிறுத்துறப்ப மூக்கத் திருப்பித்தான் நிறுத்துவோம். இல்லன்னா உருண்டுரும்ல."

முன்சக்கரம் முழுக்க என் பக்கம் திரும்பி, ஏறக்குறைய வட்டமாகவே நின்றுகொண்டிருந்தது. அதன் அச்சுத்தண்டு போகும் திசையே வேறு. மூன்று நாளாக அதைப் பார்த்தபடியே பின்சக்கரத்தின் அச்சில் வரைந்திருக்கிறேன். அவர் போன பிறகு அசட்டுச் சிரிப்புத்தான் வந்தது.

தாளைப் பற்றிப் புலம்பாமல் இருக்க முடியாது. ஒரு கடையில் 160 ஜிஎஸ்எம் கனத் தாள் என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆவணி மழையில் அது ஈர அப்பளமாகிவிட்டது. 4பி பென்சில் பட்டால் பள்ளம், ரப்பர் பட்டால் பஞ்சு. நோட்டை இப்போது பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடிவைக்கிறேன். எனக்குப் பருப்புத் தரகு. உளுந்து சாம்பிள் கட்டிவரும் காக்கித் தாள் அந்த 160-ஐவிட நன்றாகக் கோடு வாங்குகிறது. தாளின் நிறத்தை நடுநிழலாக விட்டுவிட்டு வெள்ளைப் பென்சிலில் வெளிச்சத்தை மட்டும் தொட்டால் போதும். மட்கார்டின் பளபளப்பு நாலே கோட்டில் வந்துவிடுகிறது.

கரண்ட் போவதிலும் ஒரு லாபம். எமர்ஜென்சி விளக்கை ஒரு பக்கமாக வைத்தால் நிழல் ஒரே திசையில் கறாராக விழுகிறது. பகலில் டியூப்லைட்டுக்குக் கீழே இந்த நிழல் கிடைக்காது.

பான்சொடான் தெரு நடைபாதையில் பழைய பர்மிய மாதப் பத்திரிகைகளைப் புரட்டுவது என் கெட்ட பழக்கம். உள்ளே பர்மிய ஓவியர் பகி அவுங் ஸோவின் கோட்டோவியம் இருந்தால் கை தானாகப் பைக்குப் போய்விடும். 1951-இல் சாந்திநிகேதன் போய்ப் படித்துவிட்டு வந்து பல்லாண்டுகள் பத்திரிகைகளுக்கு வரைந்தவர். அதைப் பார்த்துத்தான் தூரிகைப் பேனா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை. தூரிகையில் அழிக்கவும் முடியாது, சுற்றிச் சுற்றிக் கோடு போடவும் முடியாது. ஊரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் ஏறி, எதிர் இருக்கையில் தூங்குகிறவர்களை அதில் போட வேண்டும் என்று ஆசை. ஒரு சுற்று முடிய நேரமாகும், யாராவது ஒருவர் அசையாமல் தூங்காமலா போய்விடுவார்?

அதற்கு முன் இந்த 41-வதை முடிக்க வேண்டும். ஸ்போக் கம்பிகளை இன்னும் தொடவில்லை. எண்ணிப் பார்த்தேன், பின்சக்கரத்தில் மட்டும் 40.